படம் தரமாட்டோம் என்ற ரோன் பெண்கள்

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷாவின் பேருந்து நிலையத்தில் எக்ஸில்டா கலுபாவிடம் ஒருமுறை வாய் கொடுத்தவர் மறுமுறை கொடுத்ததில்லை. என்டோலாவுக்கு ஓடும் மினிபஸ் ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண். இடுப்பில் சிட்டெங்கே துணியைச் சுற்றி, அதன்மேல் யாரோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் பழைய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அவள் ஹாரன் அடித்தால், வரிசையில் குறுக்கே நுழைந்த வண்டி தானாகப் பின்னால் போய்விடும்.

அந்த மினிபஸ் அவள் கணவன் வாங்கியது. சுரங்கத்தை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது கிடைத்த தொகையில் வாங்கினான். பிறகு சொல்வேசியில் புதிய சுரங்கம் திறந்திருக்கிறார்கள் என்று வேலை தேடிப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரு வருடம் கழித்து வண்டியை எடுத்துப்போக வந்தான். எக்ஸில்டா சாவியை நீட்டினாள்.

"எடுத்துக்க. கூடவே உன் மகன் முசோலேயையும் அவன் தங்கச்சியையும் ஏத்திக்க. மூணும் ஒரே செட்டு, பிரிச்சுத் தரமாட்டேன்."

அவன் சாவியைத் தொடாமலே பஸ் பிடித்துத் திரும்பிப் போனான். அதுவும் அவளுடைய பஸ்தான். டிக்கெட்டுக்கு முழுக் காசும் வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய நடத்துநர் சோக்கோ, கிழக்கு மாகாணத்து ந்கோனி இனத்தவர். ஐம்பதைத் தாண்டியவர், அவரும் முன்னாள் சுரங்கக்காரர். எக்ஸில்டாவின் பெம்பா இனத்தவரும் ந்கோனிகளும் எப்போதோ போரிட்டு ஓய்ந்தவர்கள். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. அந்த முறையை இருவரும் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை.

"குரங்கு தின்னி ஓட்டுற வண்டியில தொங்கிக்கிட்டு வர்றேன்னு ஊருல தெரிஞ்சா, எனக்கு இப்பவே ஒப்பாரி வச்சிருவாங்க" என்பார் சோக்கோ.

"எலி தின்னி, பேசாம கதவைச் சாத்து. வழியில எலி ஓடினா நிறுத்துறேன், இறங்கிப் பிடிச்சுக்க" என்பாள் அவள். பயணிகள் சிரித்துக்கொண்டே காசு கொடுப்பார்கள்.

ரோன் குடியிருப்பில் அவளுக்கு அடுத்த வீடு ஆஸ்ட்ரிடாவுடையது. முதல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து தோழிகள். மூத்த மகன் கத்தோங்கோ பிறந்தபின் ஆஸ்ட்ரிடாவை எல்லோரும் பானா கத்தோங்கோ, கத்தோங்கோவின் அம்மா, என்றுதான் கூப்பிட்டார்கள். எக்ஸில்டா, பானா முசோலே ஆனாள். ஆஸ்ட்ரிடா வீட்டு வாசலில் முக்காலி போட்டுத் தலைமுடி பின்னுகிறவள். அவள் விரல் பட்டால் அழுகிற குழந்தையும் தூங்கிவிடும். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வேர்க்கும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு மார்ச் மாதம் டாக்டர் லுங்கோவே பேருந்து நிலையத்துக்கு வந்தார். மேற்கிலிருந்து வந்த லோசி இனத்துப் பெண், நாற்பது வயதிருக்கும், சுத்தமான காலணி, கனிவான பேச்சு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதுக் கருவி செய்திருக்கிறது, கருப்பைவாயைப் படமெடுத்துப் புற்றுக்கட்டி இருக்கிறதா என்று சொல்லும் கருவி, அதைச் சோதித்துப் பார்க்க ரோன் பெண்கள் வேண்டும் என்றார்.

"கேமரா எப்படிங்க சொல்லும்? அதுக்கு என்ன டாக்டர் படிப்பா இருக்கு?" என்று கேட்டாள் எக்ஸில்டா.

"ஆமா, ஒருவகையில படிப்புதான். ஆயிரக்கணக்கான பெண்களோட படத்தைக் காட்டி, இது நல்ல சதை, இது கட்டின்னு சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கோம். இப்போ புதுசா ஒரு படம் காட்டினா அதுவே கண்டுபிடிக்கும். படம் சேரச் சேர இன்னும் நல்லாக் கத்துக்கும்."

எக்ஸில்டாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவளுடைய சித்தி ஒருத்தி அந்த நோயில் போனவள். நாற்றம் தாங்காமல் சொந்த மகளே மூக்கைப் பொத்திக்கொண்டதை எக்ஸில்டா கண்ணால் பார்த்திருக்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள் தன் வண்டியிலேயே பெண்களை ஏற்றி வருவதாக ஒப்புக்கொண்டாள். சந்தை, தண்ணீர்க் குழாயடி, சர்ச் வாசல் என்று ஓரிடம் விடவில்லை.

"மாசம் ஒருதடவை என் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில பார்க்கிறேன். இரும்புக்கே அப்படின்னா, உன் அடியை யாருடி பார்த்தா? உன் புருஷனா? அவன் விளக்கைப் போட்டதே இல்லையே!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் வண்டியில் ஏறினார்கள். ஆஸ்ட்ரிடா மட்டும் ஏறவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்ததும் எக்ஸில்டாதான்.

மருத்துவ நிலையத்தில் செவிலி பிரிஸ்கா இருந்தாள். வினிகர் தடவினாள், கெட்ட இடம் இருந்தால் வெளுத்துக் காட்டும். விளக்கைப் பிடித்துக் கண்ணால் பார்த்தாள். அதன்பிறகு நீள மூக்கு வைத்த அந்தக் கேமராவை ஏந்தினாள். வெள்ளை, பச்சை, நீலம் என்று ஒளி மாறி மாறி அடித்தது. அதன் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அது என்ன சொல்லுது?" என்று படுத்தபடியே கேட்டாள் எக்ஸில்டா.

"அது சொல்றது எனக்கும் தெரியாது பானா முசோலே. படம் நேரா அவங்க கம்ப்யூட்டருக்குப் போயிரும். இப்போதைக்கு என் கண்ணு சொல்றதுதான். நீங்க சுத்தமா இருக்கீங்க."

ஆஸ்ட்ரிடாவுக்கும் சுத்தம் என்றே சொன்னாள். வெளியே வந்த ஆஸ்ட்ரிடா பயம் தீர்ந்த மகிழ்ச்சியில் எக்ஸில்டாவின் முதுகில் ஓங்கி அடித்தாள். இருவரும் சுட்ட சோளம் வாங்கித் தின்றுகொண்டே வந்தார்கள். அன்று கிளினிக்கில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலம் ஆளுக்கொன்று மடியில் இருந்தது.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ஆஸ்ட்ரிடா முக்காலியில் உட்காருவதைக் குறைத்தாள். இடுப்பு வலி என்றாள். தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போய்த் துணி மாற்றி வந்தாள். ஒருநாள் துவைத்துப் போட்ட துணிகளில் போகாத கறையை எக்ஸில்டா பார்த்தாள்.

"எத்தனை நாளா இது?"

"மாதவிலக்கு நிக்கிற வயசு பானா முசோலே, அப்படித்தான் இருக்கும்."

"எனக்கும் அதே வயசுதான். எழுந்திரு."

என்டோலாவின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். கட்டி பக்கச் சதை வரைக்கும் பரவிவிட்டது, அறுக்க முடியாது, தலைநகர் லுசாக்காவுக்குப் போய்க் கதிர்வீச்சு எடுக்க வேண்டும் என்றார். ஆஸ்ட்ரிடா வண்டியில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு சுத்தம்னாங்களே."

அந்த ஒரு வார்த்தை எக்ஸில்டாவைக் கொதிக்க வைத்தது. ஆஸ்ட்ரிடாவை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனாள். காத்திருந்த தாய்மார்களுக்கு முன்னாலேயே பிரிஸ்காவைப் பிடித்துக்கொண்டாள். "உன் கண்ணுல என்ன, கஞ்சியா ஊத்தி வச்சிருந்தே?" பிரிஸ்கா தலை குனிந்து அழுதாள். அழுகை எக்ஸில்டாவின் கோபத்தைத் தணிக்கவில்லை. அதன்பின் பிரிஸ்கா ஏறவந்த இரண்டு முறையும் இடமிருந்தும் வண்டியை நிறுத்தவில்லை.

மே மாதம் நகரமன்ற மண்டபத்தில் ஒரு கூட்டம். ஆய்வின் முதல் கட்டம் முடிந்துவிட்டதாம். கலந்துகொண்ட பெண்களுக்கு நன்றி சொல்வார்களாம். கோழியும் ந்ஷிமா என்ற சோளக் களியும் உண்டாம். பெண்களை அழைத்து வரும் வேலை எக்ஸில்டாவுக்கே வந்தது. லுசாக்காவில் படுத்திருந்த ஆஸ்ட்ரிடாவின் இடம் வண்டியில் காலியாக இருந்தது. எக்ஸில்டாவுக்குப் போகவே மனமில்லை, ஆனால் ஒப்புக்கொண்ட வேலை.

மேடையில் டாக்டர் லுங்கோவே பேசினார். வெள்ளைத் திரையில் படங்கள் ஓடின. தலைமையகத்திலிருந்து வந்தவர்களும் அதிகாரிகளும் முன்வரிசையில் இருந்தார்கள்.

"நம்ம செவிலிகள் நல்லா வேலை செஞ்சாங்க. இருந்தாலும் மனுஷக் கண்ணுக்கு எல்லை உண்டு. அவங்க சுத்தம்னு அனுப்பின பெண்கள்ல பதினேழு பேருக்குக் கோளாறு இருக்குன்னு இந்தக் கருவி கண்டுபிடிச்சிருக்கு. வெளிநாட்டு நிபுணர்கள் அந்தப் படங்களைத் தனியாப் பார்த்துட்டு, கருவி சொன்னது சரிதான்னு உறுதி செஞ்சிருக்காங்க."

கைதட்டல் எழுந்தது. எக்ஸில்டாவும் தட்டினாள். மனிதர் செய்த தவறைக் கருவி பிடித்துவிட்டதே என்று பலமாகவே தட்டினாள். இரண்டு தட்டுக்குப் பிறகு கை நின்றுவிட்டது. அவள் எழுந்தாள்.

"டாக்டர், ஒரு கேள்வி. அந்தப் பெட்டி அதை எப்போ கண்டுபிடிச்சது?"

"படம் எடுத்த அன்னைக்கே. சில நொடிதான் ஆகும்." டாக்டரின் முகத்தில் பெருமை இருந்தது.

"அப்போ அந்தப் பதினேழு பேருகிட்ட எப்போ சொன்னீங்க?"

டாக்டர் திரையில் ஓடிய படத்தை நிறுத்தினார்.

"இது ஆய்வும்மா. முடிவை நடுவுல திறந்தா ஆய்வு கெட்டுப்போயிரும். செவிலிக்கும் தெரியக் கூடாது, எங்களுக்கும் தெரியக் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்க்கணும். அதான் விதி."

"இப்போ முடிஞ்சிருச்சுல்ல? சொல்லுங்க, யார் யாரு அது?"

"பெயர்கள் ரகசியக் குறியீட்டுல இருக்கு. அதைத் திறக்கணும்னா தலைநகர்ல ஆய்வுகளைக் கண்காணிக்கிற குழு அனுமதி தரணும். அந்த ஏற்பாடு இந்தக் கட்டத்துல இல்லை. நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கையெழுத்து போட்டோம். நோய் இருந்தா மறைச்சு வைங்கன்னா போட்டோம்?" எக்ஸில்டாவின் குரல் பேருந்து நிலையத்துக் குரலாக மாறியிருந்தது. "பதினாலு மாசம்! ஒரு பொம்பளை வயித்துல கட்டி வளருது. உங்க பெட்டிக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியலை. அவ தலை பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க இங்க கைதட்டுறீங்க! ஆஸ்ட்ரிடாவை நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன் டாக்டர். இந்தக் கையாலதான்."

முன்வரிசையில் ஒருவர், அம்மா உட்காருங்கள், சாப்பாடு ஆறிவிடும் என்றார்.

"நீங்களே தின்னுங்க" என்றாள் எக்ஸில்டா. அவள் வெளியே நடந்தாள். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. ரோன் பெண்கள் ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து வந்தார்கள். கோழி அப்படியே கிடந்தது. சோக்கோ மட்டும் கதவருகில் தயங்கிப் பார்த்துவிட்டு, "எலி இருந்தாக்கூட நான் இன்னைக்குத் தின்னமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வண்டிக் கதவைத் திறந்தார்.

அடுத்த வாரம் இரண்டாம் கட்டம் தொடங்க வேண்டும். கருவிக்கு இன்னும் ஏராளமான படங்கள் தேவை. படம் இல்லாவிட்டால் அது மேற்கொண்டு எதையும் கற்காது என்பதை டாக்டரே சொல்லியிருந்தார். எக்ஸில்டா அதை மறக்கவில்லை. சந்தைக்கும் குழாயடிக்கும் சர்ச் வாசலுக்கும் மறுபடி போனாள்.

"பதினேழு பேர் யாருன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தியும் படுக்காதீங்க. அந்தப் பெட்டி நம்மளைத் தின்னுதான் வளருது. பட்டினி போடுங்க."

திங்கட்கிழமை கிளினிக்கில் ஒரு பெண்ணும் வரவில்லை. நிறுவனம் வேறொரு மினிபஸ்ஸைப் பேசியது. அந்த ஓட்டுநர் காலையில் நிலையத்துக்கு வந்தபோது மற்ற ஓட்டுநர்கள் வாய் திறக்காமல் அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் வீட்டுக்குத் திரும்பினான். பொட்டலத்தைப் பெரிதாக்கினார்கள், ஆளுக்கொரு சிட்டெங்கே தருகிறோம் என்றார்கள். "என் சவத்தைப் போர்த்தவா?" என்று கேட்டாள் தக்காளி விற்கும் ஒருத்தி. அந்தக் கேள்வி மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

புதன்கிழமை பிரிஸ்கா எக்ஸில்டாவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வேலியோரம் நின்றாள்.

"என் கண்ணு தப்பினது தப்பினதுதான் பானா முசோலே. அதுக்கு நீங்க திட்டினதை வாங்கிக்கிட்டேன். ஆனா எனக்குப் பக்கத்துல, என் கையிலேயே, சரியான பதில் இருந்திருக்கு. திரையைச் சுவத்துப் பக்கம் திருப்பி வைன்னு எனக்குச் சொன்னாங்க. நானும் திருப்பி வச்சேன். இனிமே அந்தக் கேமராவை நான் தொடமாட்டேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

எக்ஸில்டா வேலிப் படலைத் திறந்தாள். "உள்ள வா. கஞ்சியைத் தப்பான இடத்துல ஊத்திட்டேன்" என்றாள்.

டாக்டர் லுங்கோவேயும் வந்தார். அவர் வந்தபோது எக்ஸில்டா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. சுத்தமான காலணிகளை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் எழுதின விதி இல்லை அது, பானா முசோலே. அங்கேயிருந்து எழுதி அனுப்பினாங்க."

"அவங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கும் இப்படித்தான் எழுதுவாங்களா?"

காலணிகள் ஓர் அடி பின்னால் நகர்ந்தன.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கா டாக்டர்? உங்க ஊரு மொங்குவுலயோ எங்கேயோ? அவ படம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்தா, குழு கூடட்டும், அனுமதி வரட்டும்னு உட்கார்ந்திருப்பீங்களா? அவங்க வெளியூர்க்காரங்க, அவங்களுக்கு நாங்க நம்பர். நீங்க எங்க வீட்டுல உட்கார்ந்து ந்ஷிமா தின்னவங்க. எனக்கு அவங்க மேல இருக்கிறதைவிட உங்க மேலதான் ஆத்திரம்."

டாக்டர் லுங்கோவே அன்றே லுசாக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே என்ன பேசினார், யாரிடம் மோதினார் என்பது ரோனில் யாருக்கும் தெரியாது. குழு கூடியது, குறியீட்டைத் திறக்கலாம் என்றது. நிறுவனமும் சம்மதித்தது. படங்கள் நின்றுபோன பிறகு வந்த சம்மதம் என்பதை எக்ஸில்டா எல்லோரிடமும் சொன்னாள்.

பதினேழு பேரில் ஊரில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். ஒருத்தி மன்சாவில் தாய்வீட்டுக்குப் போய் அங்கேயே இறந்திருந்தாள்; என்ன நோய் என்று வீட்டாருக்கு அதுவரை தெரியாது. ஆஸ்ட்ரிடா அதில் இருந்தாள்; அவளிடம் சொல்லச் சொல்லி எக்ஸில்டாவிடம் தெரிவித்தார்கள். படமெடுத்த நாளில் ஆஸ்ட்ரிடாவின் கட்டி சுண்டுவிரல் நகம் அளவுதான்; அன்றே சொல்லியிருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம்.

அந்தப் பதினேழில் எக்ஸில்டாவும் இருந்தாள்.

அதை டாக்டர் சொன்னபோது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறருக்காகப் போட்ட சண்டை என்றே அவள் நினைத்திருந்தாள். "கட்டி இல்லை. ஆனா கட்டியா மாறப்போற இடம். இப்பவே சுட்டு எடுத்துரலாம்" என்றார் டாக்டர். பிரிஸ்கா சூடு வைக்கும் கருவியை எடுத்தாள். பத்து நிமிடமும் ஆகவில்லை. எக்ஸில்டா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வலியைவிட அதிகமாக அவளைச் சுட்டது, வேலை இவ்வளவுதானா என்ற எண்ணம். இவ்வளவு சின்ன வேலைக்கா பதினாலு மாதம் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்? எழுந்து உட்கார்ந்ததும் அழுதாள். ரோனில் அவள் அழுததைப் பார்த்தவள் பிரிஸ்கா ஒருத்திதான்.

ஆஸ்ட்ரிடா லுசாக்காவிலிருந்து திரும்பினாள். கதிர்வீச்சு அவளைப் பாதியாக்கியிருந்தது. சொல்லாமல் விடலாமா என்று எக்ஸில்டா இரண்டு நாள் தவித்தாள். மறைத்துவைத்தவர்கள் மேல் இத்தனை கத்திவிட்டுத் தானும் மறைப்பதா? மூன்றாம் நாள் பாய் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆஸ்ட்ரிடா முகட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அப்போ ஒரு டப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. என் உடம்பு, எனக்குத் தெரியலை."

"நான்தானே உன்னை இழுத்துக்கிட்டுப் போனேன்."

"நல்லதுக்குத்தானே இழுத்தே. மூடி வச்சது நீயா?" அவள் மெதுவாகக் கையை நீட்டி எக்ஸில்டாவின் தலையைத் தொட்டாள். "இது என்ன தலை, காக்கா கூடு மாதிரி. கிட்ட வா." படுத்தபடியே ஒரு பின்னலைப் பாதிவரை பின்னினாள். விரல் ஓய்ந்ததும் விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் குளிர் மாதமான ஜூனில் ஆஸ்ட்ரிடா போனாள்.

எழவு வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் வெளியே தீயைச் சுற்றி. சோக்கோ வந்தார். கேலி முறைக்காரர் எழவிலும் கேலி செய்ய வேண்டும். அதுதான் அவர் செலுத்தும் மரியாதை. இடுகாட்டில் தோண்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். "எழுந்திருக்கமாட்டேன். இந்தக் குரங்கு தின்னி போன வருஷம் எனக்கு மொட்டை அடிச்சுட்டு ஓசியா சிரிச்சா. அந்தக் கணக்கைத் தீர்க்காம உள்ள படுக்க விடமாட்டேன்" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏறிவர அவருக்குக் கைகொடுத்தபோது, அவருடைய முகம் நனைந்திருந்ததை எக்ஸில்டா பார்த்தாள்.

டாக்டர் லுங்கோவேயும் வந்திருந்தார். காலணியைக் கழற்றிவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. எக்ஸில்டா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

இரண்டாம் கட்டம் ஆகஸ்டில் தொடங்கியது, பெண்கள் போட்ட நிபந்தனைகளோடு. திரை படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். கருவி சொல்வதை அன்றே, அவள் ஆடை உடுத்தும் முன்பே சொல்ல வேண்டும். கெட்ட இடம் தெரிந்தால் அன்றே சூடு வைக்க வேண்டும். கட்டியாக இருந்தால் என்டோலாவுக்கு அன்றே வண்டி. நிறுவனம் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கிளினிக்கில் ஓர் அறைக்கு ஆஸ்ட்ரிடாவின் பெயரை வைத்துப் பலகை மாட்டலாமா என்று மட்டும் கேட்டார்கள்.

"அவ உசுரோட இருக்கும்போது அவ பேரை ரகசியம்னீங்க. இப்போ சுவத்துல எழுதணுமா?" என்றாள் எக்ஸில்டா. பலகை மாட்டப்படவில்லை.

முதல் நாள் காலை அவள் வண்டியைக் கிளினிக் வாசலில் நிறுத்தி இறங்கினாள். வரிசையில் நின்ற பெண்களோடு அவளும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றாள். பிரிஸ்கா கேமராவை ஏந்தினாள், ஒளி மாறி மாறி அடித்தது.

டாக்டர் லுங்கோவே அருகில் வந்தார். "இன்னும் கோபம் போகலையா பானா முசோலே?"

"போகலை. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் எக்ஸில்டா. பிறகு மேசையில் படுத்திருந்த பெண்ணிடம் குனிந்தாள். "தலையைத் திருப்பிப் பாருடி. உன்னோட படம்தான் அது. என்ன சொல்லுதுன்னு கேளு."